இடது மூலை

குத்தாலிங்கம் முதலாளி தடாலென்று விழுந்த சத்தம் மடத்துச் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

அவர் அரிசி மில்லுக்காரர். மடத்தில் உலை கொதிப்பதே அவர் புண்ணியத்தில்தான். தினமும் காலையில் வந்து மடத்தின் பழைய குரு பெரியசாமியின் சமாதியைச் சுற்றுவார். சும்மா சுற்ற மாட்டார். 'சிவசிவ சிவசிவ' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஒரு சுற்றை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். அப்படி ஒரு நேர்த்திக்கடன். தொந்தி பெரிசு, மூச்சு சிறிசு. கடைசி மூலைக்கு வரும்போது குரல் நூலாக இளைத்துவிடும்.

அந்த மூலையில்தான் ஆவுடையப்பன் உட்கார்ந்து விளக்குத் துலக்குவான்.

அன்றைக்கும் துலக்கிக்கொண்டுதான் இருந்தான். தலை நிமிரவில்லை. காது மட்டும் விழித்திருந்தது. குரல் வந்தது. கிட்ட வந்தது. இளைத்தது. அவ்வளவுதான், விளக்கு ஒரு பக்கம் உருண்டது. புளி அப்பிய கைகள் இரண்டும் பாய்ந்து முதலாளியின் கணுக்காலைக் கவ்விக்கொண்டன.

"ஏ, விடும்வே! காலை விடும்வே!"

ஆவுடை விடவில்லை. கபடியில் பழகிய கை; நடுவர் விசில் ஊதினால்தான் விடும். இங்கே யார் ஊதுவது?

சின்னச்சாமி அகப்பையும் கையுமாக ஓடிவந்தார். ஒரு பார்வை பார்த்தார். இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார்.

கை விட்டது.

"சாமி, இந்த ஆள் இங்கன இருக்கிறவரைக்கும் என் மூட்டை இந்த வாசப்படி ஏறாது. ஆமா, சொல்லிட்டேன்" என்று முதலாளி நொண்டிக்கொண்டே போனார்.

"மூட்டை வரலைன்னா கஞ்சி காய்ச்சிக்குவோம்" என்றார் சின்னச்சாமி. உள்ளே போய் உலையில் இன்னும் இரண்டு செம்புத் தண்ணீரை ஊற்றினார்.

பெரியசாமி அடங்கிய பிறகு மடத்துக்குக் குருவாக வந்தவர் அவர். ஆவுடையைவிட ஏழெட்டு வயது இளையவர். அதனால் அங்கே சீடன் குருவைச் 'சாமி' என்பான், குரு சீடனை 'அண்ணாச்சி' என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

கொஞ்ச நேரத்தில் ஆவுடை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"கிளம்புதேன் சாமி."

"எங்க?"

"கிரவுண்டுக்கு."

"யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல."

"முட்டி?"

"அது இன்னும் சரியா மடங்கல."

"அப்பச் சரி, உக்காருங்க" என்றார் சின்னச்சாமி.

கபடியில் ரெண்டே வகை ஆள்தான். பாடிப் போகிறவன் ஒருத்தன், பிடிக்கிறவன் ஒருத்தன். பாடுகிறவன் படம் போஸ்டரில் வரும். பிடிக்கிறவன் பெயர் எலும்பு டாக்டருக்குத்தான் தெரியும். ஆவுடை பிடிக்கிறவன். இடது மூலை. மீசை அரும்பாத வயதில் கடற்கரை மணலில் போய் நின்ற மூலை அது. பிறகு பெரிய லீக்கில், மெத்தைத் தரையில், கண்ணைக் கூசும் லைட்டுக்குக் கீழே, அதே மூலை. டீம் மாறியது, பனியன் நிறம் மாறியது, கையைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் மாறினான். மூலை மாறவில்லை.

அவன் கண்ணை நம்புகிறவன் இல்லை. கண்ணை ஏமாற்றத்தான் பாடுகிறவன் காலை அப்படி இப்படி ஆட்டுவான். ஆவுடை பாட்டைக் கேட்பான். பாட்டு எந்த இடத்தில் இளைக்கிறதோ அந்த இடத்தில் கை போகும். பிறகு அந்தக் கால் கோட்டைப் பார்க்காது.

பெயர் ஏற ஏற ஒரு வினையும் ஏறியது. பாடி வருகிறவர்கள் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள்.

"நீ நிக்கிற பக்கம் காவல் தெய்வம் நிக்கிற மாதிரிடே" என்று கோச் கட்டிக்கொண்டார். அதே கோச் பிறகு ஒரு நாள், "இந்த சீசன்ல நீ பிடிச்சது ரொம்பக் கம்மியா இருக்கே" என்றார்.

"வந்தாத்தான சார் பிடிக்க?"

அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அடுத்த ஏலத்தில் ஆவுடையப்பன் என்ற பெயரைப் படித்தபோது ஒரு கைகூட எழும்பவில்லை.

"கை சும்மா இருக்க மாட்டேங்கு சாமி" என்றான் ஆவுடை. "தண்ணி மோட்டார் நிக்கிறதுக்கு முந்தி சத்தம் இளைக்கும்லா, அதுக்கே உடம்பு குனியுது. முதலாளி பாவம், என்ன செய்வாரு."

"கனவு வருதா?"

"கனவுலயும் வர மாட்டேங்கான்."

"யாரு?"

ஆவுடை பையைக் கீழே வைத்தான்.

"ராஜ்பீர்னு ஒருத்தன். ஹரியானாக்காரன். அப்படி ஒரு பாட்டு நான் கேட்டதில்ல சாமி. வண்டு பறக்கிற மாதிரி ஒரே சீரா வரும். எங்க இளைக்கும்னே தெரியாது. இவனை ஒரு தடவை பிடிச்சிட்டா போதும், முட்டி போனாப் போகட்டும்னு இருந்தேன்."

"பிடிச்சீங்களா?"

"வரணுமே! என் கடைசி மேட்ச்ல நேரா எம் முன்னால வந்தான். வந்து ஆடுதான், ஆடுதான். பாட்டு இளைச்சுது. கூட்டம் அம்புட்டுச் சத்தம் போடுது, ஆனா எனக்குக் கேட்டுது சாமி, இளைச்சது கேட்டுது. ஒரு எட்டு. இன்னும் ஒரே ஒரு எட்டு எடுத்து வச்சிருந்தான்னா..."

"வைக்கல."

"திரும்பிட்டான். அந்தப் பக்கம் ஒரு பயலைத் தொட்டுட்டுக் கோட்டுக்குப் போயிட்டான். போனவன் என்னைப் பாத்து நெஞ்சுல கை வச்சுத் தலை குனியுதான். அதுக்கு என்னை மிதிச்சிட்டுப் போயிருக்கலாம்."

சமையல்கட்டில் உலை கொதிக்கும் சத்தம் கேட்டது.

"அவன் ஏன் சாமி எம் பக்கம் வரல?"

சின்னச்சாமி அடுப்படிக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். கைநிறையச் சாம்பலை அள்ளிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிய முற்றம், விளக்குமாற்றுக் கோடுகள் வரிவரியாகக் கிடந்தன. அந்தக் கோடுகளை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து சாம்பலால் ஒரு கட்டம் போட்டார். இந்தப் பக்கம் நடுக்கோடு.

"பாடிப் போங்க அண்ணாச்சி."

"நானா? நான் பிடிக்கிறவன்லா."

"இன்னைக்குப் பாடுங்க."

"எதுக்க ஒருத்தரும் இல்லையே சாமி."

"நல்லதாப் போச்சு. பயமில்லாமப் போகலாம்."

ஆவுடை குனிந்தான். கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆயுசு முழுக்க உள்ளே நின்ற கட்டத்தை முதன்முதலாக இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான்.

"கபடி கபடி கபடி கபடி..."

குரல் கரகரத்தது. தனக்குத்தானே கூச்சமாக இருந்தது. வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். நடுவில் ஆடினான். ஒரு ஓரத்துக்குப் போய்க் கையை வீசினான். பின்கோடு வரைக்கும் போய்க் காலை நீட்டி உதைத்தான். ஆளே இல்லாத முற்றத்தில் வளைந்தான், குனிந்தான், திரும்பினான். பாட்டு இளைத்தது. அவன் பாட்டு இளைப்பது அவனுக்கே கேட்டது. முதுகு சில்லிட்டது. ஓடிவந்து நடுக்கோட்டைத் தொட்டான்.

"வந்துட்டேன் சாமி."

சின்னச்சாமி குந்தி உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டம் முழுக்க ஆவுடையின் கால்தடம்.

"எல்லா இடமும் மிதிச்சிட்டீங்க. அங்க மட்டும் விளக்குமாத்துக் கோடு அப்படியே இருக்கே."

ஆவுடை பார்த்தான். இங்கிருந்து பார்த்தால் அது வலது கைப்பக்கம். அங்கே நிற்கிறவனுக்கு இடது.

"போகத் தோணல சாமி."

"ஆளில்லாத இடம்தான?"

ஆவுடைக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒரு காக்கை கட்டத்தின் நடுவில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுப் பறந்தது.

"ஆளில்லாத இடம்தான அண்ணாச்சி?"

"அங்க நான்லா நிக்கேன்" என்றான் ஆவுடை.

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

சின்னச்சாமி எழுந்தார். கையிலிருந்த சாம்பலைத் தட்டினார். கலையாத அந்த மூலையைப் பார்த்தார். வெயில் அங்கேதான் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது.

"எம்புட்டு நேரமா நிக்காரு, பாவம்" என்றார். "அந்த அண்ணாச்சியையும் கூட்டிட்டு வாங்க. கஞ்சி ஆறுது."