ஒரு படி மேலே

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை மகரகேது என்ற அரசன் ஆண்டுவந்தான். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் கோபித்துக்கொள்வார்கள். நல்ல அரசன்தான். வெயில் ஏறினால் மட்டும் புத்தி கொஞ்சம் இறங்கிவிடும்.

ஒரு சித்திரை மாதம். வெக்கை தாங்காமல் அரசன் சபையைக் குளக்கரை மண்டபத்துக்கு மாற்றினான். குளத்து நீரைப் பார்த்ததும் அவனுக்கு ஓர் ஆசை பிறந்தது.

"என் வலப்பக்கத்து ஆசனம் காலியாக இருக்கிறது. உங்களில் எவருக்கு நெஞ்சுரம் அதிகமோ அவருக்கே அது. இந்தப் படிகளிலிருந்து குளத்தில் குதித்துக் காட்டுங்கள்!" என்றான்.

குளத்துப் படிகள் நல்ல அகலம். எவ்வளவு மேலே நிற்கிறோமோ அவ்வளவு தூரம் தாவினால்தான் தண்ணீர். தாவல் குறைந்தால் கருங்கல்.

தளபதி செங்கணான் மூன்றாம் படியில் நின்று குதித்தார். உடனே அமைச்சர் வல்லபராயர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு நான்காம் படியில் ஏறினார். மறுநாள் அவர் ஐந்து, இவர் ஆறு. அதற்கு அடுத்த நாள் ஏழாம் படியில் தளபதியின் கால்விரல் நகம் போயிற்று. எட்டாம் படியில் அமைச்சரின் முழங்கால் பணியாரம் மாதிரி வீங்கிற்று. யார் விட்டார்கள்? தண்ணீர் எங்கே இருக்கிறது என்று இருவரும் பார்க்கவே இல்லை. மற்றவர் எந்தப் படியில் நின்றார் என்றுதான் பார்த்தார்கள்.

அந்தச் சபையின் விகடகவி திருமலைக்கொழுந்து. குள்ள உருவம், பெரிய தொந்தி, நீச்சல் சுத்தமாகத் தெரியாது. நொண்டிக்கொண்டு வந்த அமைச்சரைப் பார்த்து அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, பத்தாம் படிக்கு முன்னால் பாடைக்கு மூங்கில் சொல்லிவிடட்டுமா?"

சபை கொல்லென்று சிரித்தது. தளபதியும் அமைச்சரும் அன்றுதான் முதன்முதலாக ஒன்று சேர்ந்தார்கள்.

"அரசே! நாங்கள் உயிரைப் பணயம் வைக்கிறோம், இவன் பல்லைக் காட்டுகிறான். இவனும் குதிக்க வேண்டும்" என்று இருவரும் முறையிட்டார்கள்.

அப்போது நடுப்பகல். அரசனின் புத்தி அடிமட்டத்தில் கிடந்தது. "கொழுந்தே! நாளைக் காலை நீ ஒரு படி மேலே நின்று குதிக்க வேண்டும். தவறினால் மூட்டை முடிச்சோடு நாட்டை விட்டுப் போக வேண்டும்!"

கொழுந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். எட்டுக்கு மேல் ஒன்பது. இந்தத் தொந்தியோடு ஒன்பதாம் படியிலிருந்து எங்கே தாவுவது? உருளத்தான் முடியும். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். மனைவி வடிவு அரிசிப் பானையருகே நின்று கேட்டாள்.

"ஏங்க, ராத்திரிச் சோத்துக்கு ஒரு படி போதுமா, ரெண்டு படி போடவா?"

கொழுந்து திரும்பினான். அவள் கையில் இருந்த மரப்படியைப் பார்த்தான். துள்ளி எழுந்தான்.

"ஒரு படியே போதும்டி, வடிவு! ஒரு படியே போதும்!"

"அதுக்கு ஏன் இந்த ஆட்டம்?" என்றாள் வடிவு.

மறுநாள் குளக்கரையில் ஊரே கூடியது. கொழுந்து படிகளில் ஏறவில்லை; இறங்கினான். கடைசிப் படிக்குப் போய், மடியிலிருந்த அரிசிப் படியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஏறி நின்றான்.

"அரசே, தங்கள் கட்டளையைச் சபையறிய மறுபடி சொல்லியருள வேண்டும்."

"ஒரு படி மேலே நின்று குதி!"

"இதோ, ஒரு படி மேலே நிற்கிறேன்!" என்றவன் தொபீரென்று விழுந்தான். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீர்தான்.

"மோசடி! எங்களுக்கு மேலே அல்லவா நிற்க வேண்டும்?" என்று தளபதி கத்தினார்.

"யாருக்கு மேலே என்று அரசர் சொல்லவில்லையே, தளபதியாரே. ஒப்பிட்டுப் பார்த்தது நீங்கள் இருவரும்தான்."

"அப்படியா? இதோ நான் பத்தாம் படி!" என்று எழுந்தார் தளபதி. "நான் பதினொன்று!" என்றார் அமைச்சர்.

கொழுந்தின் சிரிப்பு நின்றுவிட்டது. பகையாளிகள்தான், ஆனால் மண்டை உடைந்து மிதப்பதைப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. கைகூப்பினான்.

"அரசே, ஒரு விண்ணப்பம். அரசியார் நீராடும்போது கட்டும் திரைகளை இவர்கள் இருவரையும் சுற்றித் தனித்தனியே கட்டுங்கள். எவர் கண்ணும் படாமல், பிரியப்பட்ட படியிலிருந்து குதிக்கட்டும். விழும் சத்தம் கேட்டால் போதும்."

அரசன் தலையாட்டினான். திரைகள் ஏறின. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு திரைக்குள் "தொபீர்!" உடனே மற்றொன்றில் அதைவிடப் பெரிதாக "தொபீர், தொபீர்!"

கொழுந்து இரண்டு திரைகளின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டான்.

தளபதி கடைசிப் படியில் குந்திக்கொண்டு, உள்ளங்கையால் தண்ணீரை அறைந்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே அமைச்சர், இரண்டு கையாலும். ஒருவர் துணியும் நனையவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தளபதிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து மூக்கால் வந்தது. பிறகு அமைச்சருக்கும்.

அரசன் சிரித்த சிரிப்பில் மகுடம் கழன்று, படிபடியாகத் துள்ளித் தண்ணீரில் போய் விழுந்தது. அன்று உச்சியிலிருந்து உண்மையாகக் குதித்தது அது ஒன்றுதான். கொழுந்து அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான்.

"என் வீம்புக்கு இரண்டு நல்லவர்களைப் பலி கொடுக்க இருந்தேனே! கொழுந்தே, வலப்பக்க ஆசனம் உனக்குத்தான்" என்றான் அரசன்.

"வேண்டாம் அரசே. நான் அதில் ஏறினால் நாளைக்கு என்னைப் பார்த்து யாராவது குதிப்பார்கள். தங்கள் பக்கத்தில் என் படியைக் கவிழ்த்து உட்கார அனுமதி போதும்."

அரசன் மறுபடி சிரித்து, தன் கழுத்து முத்துமாலையை அவனுக்கு அணிவித்தான். அரிசி அளக்க வடிவுக்கு ஒரு புதுப் பித்தளைப் படியும் போயிற்று.

அன்று மாலை அதில் அவள் தாராளமாக நான்கு படி போட்டாள். தளபதியும் அமைச்சரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அடுத்தவர் இலையைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. பாயசம் வரைக்கும் அப்படித்தான் இருந்தார்கள். அப்புறம் தளபதி மூன்று தொன்னை குடித்தார். அமைச்சர் நான்கு கேட்டார். தளபதி ஐந்துக்குக் கை நீட்டியபோது வடிவு பானையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டாள்.