அலமாரிக்கு மாட்டிய காந்தம்

"எம் மக போனை எடுக்க மாட்டேங்கா, அம்மா."

வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். குற்றாலத்து மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். குரு பூரணி அம்மாவுக்கு அவரைவிட வயது குறைவுதான். ஆனாலும் குரு, குருதானே.

"எப்பப்ப கூப்பிடுவீங்க, அண்ணாச்சி?"

"எந்திரிச்சாளான்னு கேப்பேன். சாப்பிட்டாளான்னு கேப்பேன். பஸ் ஏறினாளா, இறங்கினாளா... பெங்களூர்ல தனியாக் கெடக்கா. பாசந்தானம்மா! இப்ப ஒரு வாரமா எடுக்கவே இல்ல. என்னை வெறுத்துட்டாளோன்னு பயமா இருக்கு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அம்மா சமையலறைப் பக்கம் கை காட்டினார்.

"அங்க அலமாரிக் கதவு மூடி நிக்க மாட்டேங்கு. காத்தடிச்சாத் திறந்து, சமைக்கிற இசக்கியம்மா நெத்தியில இடிக்கு. திருகாணி போட்டு மாட்டுற காந்தம் கடையில கிடைக்கும். வாங்கி மாட்டுங்க. பொறவு பேசுவோம்."

ஆறுதல் கேட்டு வந்தவருக்குத் தச்சு வேலை. ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் மகள் விஷயமாயிற்றே. தென்காசிக்குப் பஸ் ஏறினார்.

கடையில் இருந்ததிலேயே பெரிய காந்தத்தைக் கேட்டார்.

"இது கனத்த இரும்பைத் தூக்குறதுக்குல்லா, அண்ணாச்சி," என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும். பிடிச்சா விடக் கூடாது."

அலமாரிச் சட்டத்தில் காந்தம், கதவில் இரும்புப் பட்டை. மாட்டினார். கதவு மூடியது.

அதோடு சரி. பிறகு திறக்கவேயில்லை.

உள்ளே அரிசி, பருப்பு, உப்பு, புளி. இசக்கியம்மாள் சுவரில் ஒரு காலை ஊன்றி இழுத்தாள். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. அவள் மல்லாக்க விழுந்தாள். தியானத்திலிருந்த அத்தனை பேரும் கண்ணைத் திறந்தார்கள்.

"முன்னால நெத்தி மட்டுந்தான் வலிச்சுது," என்றாள் இசக்கியம்மாள்.

கடப்பாரை போட்டுத்தான் திறந்தார்கள். மத்தியானச் சாப்பாடு பொழுது சாயும்போது கிடைத்தது.

அடுத்து சின்னக் காந்தம் ஒன்று வாங்கிவந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று திருப்புளியால் திருகாணியை இன்னொரு சுற்று முறுக்கினார்.

படக். காந்தம் இரண்டாகப் பிளந்தது.

"அம்மா, இறுக்கினா உடையுது!"

"வேற வாங்கிட்டு வாங்க."

மறுபடியும் தென்காசி. மறுபடியும் அதே கடைக்காரர். அவர் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது.

இந்தத் தடவை அம்மா பக்கத்திலேயே வந்து நின்றார். திருகாணி காந்தத்தைத் தொட்டதும் ஆவுடையப்பன் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டார்.

"ஆடுதே, அம்மா?"

"கொஞ்சம் ஆடட்டும். அப்பத்தான் பட்டையோட சரியா ஒட்டும்."

இசக்கியம்மாள் பயந்து பயந்து விரலை நீட்டினாள். புதுக் கைப்பிடியைத் தொட்டதுமே கதவு திறந்தது. உப்பை எடுத்தாள். லேசாகத் தள்ளினாள். கதவு தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. வெளியே சாரல் காற்று ஊளையிட்டது. கதவு அசையவில்லை.

ஆவுடையப்பன் கதவை முழுக்கத் திறந்து வைத்துப் பார்த்தார். பாதி மூடிப் பார்த்தார். சட்டத்துக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கிட்ட வந்தாத்தான் இழுக்கு, அம்மா."

"ஆமா."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் காந்தம் அது இடத்துல இருக்கும்."

ஆவுடையப்பன் மறுபடி ஒருமுறை கதவைத் திறந்தார். மூடினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"புரிஞ்சிட்டு அம்மா! நல்லாப் புரிஞ்சிட்டு! இதை உடனே எம் மககிட்ட சொல்லணும்!"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளின் எண்ணை அழுத்தப் போனார்.

"இன்னொரு சுத்து முறுக்கணுமா, அண்ணாச்சி?" என்று அம்மா திருப்புளியை அவரிடம் நீட்டினார்.