கடுகி எழுப்பிய சுவர்

கடலுக்குள் இருப்பவையெல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மன்னார் வளைகுடாப் பாறைகளில் கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. உருண்டை உடம்பு, உடம்பு முழுக்க முள். அந்த முள்ளால் அவற்றுக்குத் தீராத கெட்ட பெயர். “யாரையும் அண்ட விடாத கூட்டம்” என்று நண்டு சொல்லும், சிப்பி ஆமாம் போடும். கேட்டுக் கேட்டு முள்ளெலிகளுக்கு நெஞ்சு புண்ணாகிப் போனது. கடைசியில் வீம்புக்கென்றே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டன. எங்கள் முட்டைக்குக் கதவே கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று அறிவித்துவிட்டன.

பங்குனி வெயிலில் தண்ணீர் சூடேறியதும் தாய்மார் முட்டைகளைக் கடலில் விடுவார்கள். தந்தைமார் பால் கரைத்தாற்போல் விந்தை விடுவார்கள். ஒரு முட்டைக்கு ஒரு மாப்பிள்ளை போதும். ஆனால் கதவில்லாத வீட்டில் யார் யாரைத் தடுப்பது? பத்துப் பேரும் இருபது பேரும் முண்டியடித்து நுழைவார்கள். போதாக்குறைக்கு நட்சத்திர மீன் வீட்டுப் பையன்களும் எட்டிப் பார்ப்பார்கள். முட்டை தாங்காமல் நிலைகுலைந்து கரைந்துபோகும். இப்படியே பல பங்குனி போயிற்று, ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. வயதான முள்ளெலிகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. முட்டையிடும் தெம்போடு முள்ளாயி என்று ஒருத்திதான் மிஞ்சினாள். அவளும் போய்விட்டால் அந்த இனமே இல்லை.

முள்ளாயி விட்ட முட்டைகளில் ஒருத்தி பெயர் கடுகி. கடுகை விடவும் சிறியவள், வாய் மட்டும் பெரிது.

“ஏ கடுகி, வர்றவுகள வேணாம்னு சொல்லிறாத” என்றாள் தாய். “ஒன் தோலுக்கடியில விருந்துப் பண்டத்தப் பொட்டலம் பொட்டலமா கட்டி வச்சிருக்கேன். விருந்தாளி வந்ததும் அவுத்து வையி.”

“எத்தனை பேருக்கும்மா?”

“வர்ற அத்தனை பேருக்கும். நம்ம குடும்பத்துப் பேரு கெட்டுறக் கூடாதுடி.”

நாமே இல்லாமல் போன பிறகு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கடுகி கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அலை அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவளுக்கு முன்னால் மிதந்த அக்காள், “வாங்க, எல்லாரும் வாங்க” என்று முகமலர்ந்து அழைத்தாள். கூட்டம் திமுதிமுவென்று உள்ளே போயிற்று. அக்காள் கடுகியின் கண்ணெதிரே கரைந்துபோனாள். கடுகிக்குப் பயம் பிடித்தது. கோபமும் வந்தது.

முதலில் வந்தவன் நட்சத்திர மீன் வீட்டுப் பையன். “வீடு தொறந்துதான கெடக்கு?” என்று நெருங்கினான்.

“தலைய இங்க வச்சுப் பாரு, ஒட்டுனா வா” என்றாள் கடுகி. அவள் உடம்பைச் சுற்றி ஒரு கொழகொழப்பு உண்டு. முள்ளெலிக் குலத்தான் தலையில் இருக்கும் பசைதான் அங்கே பிடிக்கும். பையன் முட்டிப் பார்த்தான், வழுக்கினான், போய்விட்டான்.

அந்தக் கொழகொழப்பில் கொஞ்சத்தைக் கடுகி தண்ணீரில் கரைய விட்டாள். வாசம் பிடித்து, வாலை ஆட்டிக்கொண்டு துடியன் வந்தான். முள்ளெலிக் குலத்தான். அவன் பின்னாலேயே நூற்றுக்கணக்கில் பங்காளிகள்.

துடியன் தலை பதித்தான், பசை பிடித்தது. “வரலாமா?” என்றான்.

“வாங்க” என்றாள் கடுகி, மனம் நிறைந்து.

அவன் நுழைந்ததும் அவள் உடம்பைச் சிலிர்த்தாள். பின்னால் வந்தவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள். ஆனால் சிலிர்ப்பு எவ்வளவு நேரம் தாங்கும்? மறுபடி நெருக்கினார்கள்.

“எங்களயும் சேத்துக்க ஆத்தா! முள்ளெலி வீட்டுல விருந்தாளிய வெளிய நிறுத்துறதுண்டா?”

அம்மாவின் பேச்சைத் தட்ட வேண்டுமே என்று அவளுக்கு வலித்தது. ஆனாலும் அத்தனை பொட்டலங்களையும் ஒரே மூச்சில் கிழித்தாள், விருந்துக்கு அல்ல. உள்ளே இருந்ததெல்லாம் மேல்தோலுக்கடியில் கொட்டியது. கடல்நீர் குபுகுபுவென்று உள்ளே இறங்க, தோல் உப்பி எழும்பியது. துடியன் நுழைந்த இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடி, மறுகோடியில் கைகோத்து, கெட்டிப்பட்டுச் சுவராக நின்றது. ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் பொலபொலவென்று உதிர்ந்தார்கள்.

“அநியாயம்!” என்று வெளியே கூச்சல்.

“கத்துங்க” என்றாள் கடுகி உள்ளே இருந்து. “நான் பொழைக்கணும்!”

பின்னால் மிதந்த தங்கைகள் இதைப் பார்த்தார்கள். அவர்களும் ஒவ்வொருத்தனை மட்டும் சேர்த்துக்கொண்டு, பொட்டலங்களைக் கிழித்தார்கள். கடலெங்கும் சுவர்கள் எழும்பின.

நண்டு ஓடிப்போய் முள்ளாயியிடம் வத்தி வைத்தது. “ஒம் மக வாசலைச் சாத்திட்டா!” முள்ளாயி வெட்கத்தில் பாறை இடுக்குக்குள் ஒடுங்கிக்கொண்டாள்.

கடுகியின் சுவருக்குள் கரு ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது, ஒரு பொடிக் குஞ்சு சுவரைக் கரைத்துக்கொண்டு சுழன்று சுழன்று வெளியே வந்தது. அதன் பின்னால் தங்கைகளின் சுவர்களிலிருந்து இன்னொன்று, இன்னும் நூறு. பாறை முழுக்கப் பேரப்பிள்ளைகள்!

முள்ளாயி இடுக்கை விட்டு வெளியே வந்தாள். முள்ளையெல்லாம் நிமிர்த்திக்கொண்டு, கடல் அதிரக் கத்தினாள்: “ஏ நண்டே, போய் ஊரெல்லாம் சொல்லு! எம் மக வாசலைச் சாத்துனா! எங்க குலம் தழைச்சிருச்சு!”

அன்றைக்குத் தொடங்கியதுதான், கடல் முள்ளெலியின் முட்டை தன் குலத்தான் ஒருவனை மட்டும் உள்ளே விட்டு, அவன் நுழைந்த கையோடு தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்வது.