கதவு எண் உள்ளவர்கள்

ஆற்றுப்பாலத்தை ஒட்டிய ஒரு நகராட்சியில் நடந்த விசாரணை இது. முடிவில் கேள்வி ஒன்று காத்திருக்கிறது. ஆகவே அற்ப விஷயம் என்று எதையும் தள்ளிவிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடற்றவர்கள் இரவு தங்க, பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் அந்த நகராட்சி காப்பகம் நடத்திவந்தது. காலை எட்டு மணிக்கு எல்லோரும் மூட்டை முடிச்சோடு வெளியேறிவிட வேண்டும். பொறுப்பாளர் தங்கப்பழம் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். மாலை ஆறு மணிக்குத்தான் மறுபடியும் திறப்பார். மழையானாலும் காய்ச்சலானாலும் அதுதான் விதி. முன்னதாக வந்துவிட்டவர்கள் எதிர்ச் சுவரோரம் குந்தியிருப்பார்கள்.

அப்படிக் குந்தியிருப்பவர்களில் ஒருத்தி கோசலை. பகலில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பாள். காப்பகத்துக்கு வருமுன் பேருந்து நிலையத்தில் படுத்திருந்தாள். படுத்திருந்தாள் என்றுதான் சொல்ல முடியும். தூங்கினாள் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் பாப்பு என்றொரு பெண் படுப்பாள். ஒரு விடியற்காலை பாப்புவைக் காணவில்லை. அவளுடைய செருப்பில் ஒன்று மட்டும் கிடந்தது. கோசலை அதை எடுத்துக்கொண்டு போலீசிடம் போனாள். காணாமல் போனவளுக்கு எந்த ஊர், என்ன முகவரி என்று கேட்டார்கள். கோசலைக்குத் தெரியவில்லை. முகவரி இல்லாதவளை எங்கே போய்த் தேடுவது என்று அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான், காப்பகத்தின் கதவு எண்ணையே முகவரியாகப் போட்டு எல்லோருக்கும் தங்கப்பழம் ஆதார் அட்டை வாங்கிக் கொடுத்த அன்று, கோசலை அதைத் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டாள். அரிசியும் உதவித்தொகையும் அந்த அட்டையால் வந்தன. அவளுக்கு அதைவிடப் பெரிது வேறொன்று. நாளைக்கு அவள் காணாமல் போனால், வந்து விசாரிக்க ஓர் இடம் இருக்கிறது.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மேலிடத்திலிருந்து புதிய உத்தரவு வந்தது. வீடற்றவர்களுக்காக மட்டுமே நிதி தரப்படும். அட்டையில் முகவரி உள்ளவர் வீடற்றவர் ஆகமாட்டார். காப்பகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இப்போது முகவரி இருந்தது. நிதி நின்றால் நகராட்சி தன் கைக்காசில் நடத்தாது. துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கே அது திணறிக்கொண்டிருந்தது. கட்டடத்தைப் பூட்டி வரிவசூல் மையம் ஆக்கிவிடுவதாகப் பேச்சு. நேரில் பார்த்து எழுத ஓர் அதிகாரி வரப்போகிறார் என்றார்கள்.

தங்கப்பழம் எல்லோரையும் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"யாரும் அட்டையை வெளிய எடுக்கப்பிடாது. கேட்டா இல்லன்னு சொல்லிருங்க."

அங்கே தங்கியிருந்த ஒற்றைக்கால் பீர்முகம்மது பாய் ஊன்றுகட்டையில் சாய்ந்தபடி சிரித்தார்.

"அலைஞ்சு திரிஞ்சு வாங்கிக் குடுத்ததும் நீங்க, ஒளிச்சு வையின்னு சொல்லுததும் நீங்க. இருக்குன்னா எடம் போயிரும், இல்லன்னா அட்டை போயிரும். ஏன் அண்ணாச்சி, ரெண்டும் சேந்து நமக்கு இருக்கவே கூடாதா?"

கோசலை மடியிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அட்டை இல்லை என்று அதிகாரி எழுதிவிட்டால் அந்த முகவரியும் செல்லாமல் போய், அவள் பாப்பு ஆகிவிடுவாள். காட்டினாலோ பாப்பு படுத்திருந்த இடத்துக்கே போக வேண்டியதுதான்.

அதிகாரியின் பெயர் நிறைமதி. அவர் வந்து சேர்ந்தது நண்பகலில். அவருக்காகத் தங்கப்பழம் அன்று மட்டும் பகலில் கதவைத் திறந்து, எல்லோரையும் உள்ளே உட்காரவைத்திருந்தார். இங்கே யாரிடமும் அட்டை கிடையாது என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். நிறைமதி பாயைப் பார்த்தார். பாய் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி எங்களுக்காகத்தான் அப்படிச் சொல்லுதாரு. என் வீடு இதுதான் மேடம். பாத்துக்கிடுங்க, போட்டுருக்கு."

நிறைமதி அதைக் குறித்துக்கொண்டார். தங்கப்பழத்தின் முகம் செத்துவிட்டது. அடுத்து உட்கார்ந்திருந்தவள் கோசலை.

அவள் மடியை அவிழ்த்தாள். அட்டையை அதிகாரியின் கையில் வைத்தாள். பிறகு தன் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய், தெருவைக் கடந்து, எதிர்ச் சுவரோரம் குந்திவிட்டாள். பயந்து ஓடுகிறாள் என்றே உள்ளே இருந்தவர்கள் நினைத்தார்கள். பயமும் இருந்தது.

நிறைமதி அட்டையோடு வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா வெளிய வந்துட்டீங்க? அட்டையில இதுதானே உங்க வீடு?"

"மணி ஆறு ஆகலையேம்மா" என்றாள் கோசலை.

தங்கப்பழத்தின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

அட்டையே இல்லை என்று மறைத்தவர் ஒருவர். அட்டையைக் காட்டி வீடு என்றவர் ஒருவர். காட்டிவிட்டுத் தெருவில் போய் உட்கார்ந்தவள் ஒருத்தி. காப்பகமும் அட்டையும் சேர்ந்தே மிஞ்ச வேண்டும், பொய்யும் சொல்லக்கூடாது என்றால், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோசலை செய்ததே சரி. தங்கப்பழத்தின் எண்ணம் நல்லதுதான். ஆனால் அவர் சொன்னதே நிலைத்திருந்தால் அத்தனை பேரும் மறுபடி தேட ஆளில்லாதவர்கள் ஆகியிருப்பார்கள். பாய் அட்டையை மறைக்காதது நியாயம். வீடு என்ற ஒரு சொல்லில்தான் பிசகினார், அதையும் குற்றம் என்று சொல்ல மனம் வரவில்லை. சாவி இன்னொருவர் இடுப்பில் இருக்க, பகலெல்லாம் மூட்டையோடு வெளியே நிற்பவருக்கு அந்தக் கதவு எண் தபால் வந்து சேரும் இடம், வீடு ஆகாது. முகவரி இருந்தும் வீடு இல்லாமல் இருக்க முடியும் என்று கோசலை வாதாடவில்லை, தினமும் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். நிறைமதிக்கு அது விளங்கியது; அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நெடுநேரம் எழுதினார். எழுதியதை மேலிடம் ஏற்குமா என்று அவருக்கே தெரியாது. சரியான விடையைத் தந்தவளுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதிகாரி போனதும் மறுபடி பூட்டிய கதவு ஆறு மணிக்குத் திறக்கும் சத்தம் கேட்கிறவரை அவள் மூட்டையை மடியிலிருந்து இறக்கவில்லை.