உருளைக்கிழங்கு மீன்

ஜினான் நகரத்து மடம் ஒன்றில் சமையல் பொறுப்பு ஹுய்ஷான் குருவிடம் இருந்தது. மடத்தை ஒட்டி ஒரு சைவ உணவுக்கூடம். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போவார்கள். அங்கே பெயர்போன பண்டம், சொன்னால் நம்பமாட்டீர்கள், மீன். மசித்த உருளைக்கிழங்கை சோயாப்பால் ஆடையில் பொதிந்து, செதில் கீறி, மிளகில் கண் வைத்துப் பொரித்தெடுப்பார்கள்.

சீடன் மிங்யுவானுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தெற்கே ஒரு மலை மடத்திலிருந்து புதிதாக வந்தவன். விரதத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்கு நினைப்பு.

“மீனை விட்டுவிட்டோம். பிறகு எதற்கு மீன் மாதிரி? இது ஏமாற்று இல்லையா, குருவே?” என்று ஒருநாள் கேட்டான்.

“இன்றைக்கு நீ பரிமாறு,” என்றார் குரு.

அன்று மதியம் சுன் வீட்டு அம்மாள் முன்கூட்டியே மீன் சொல்லி வைத்திருந்தார். அவர் சைவ விரதக்காரர். அவருடைய கணவரும் மகனும் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திப் பல வருடமாகிறது. அம்மாள் கெஞ்சிக் கூப்பிட்டதால் இருவரும் வந்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுக்களையில் மீனைக் கையில் எடுத்த மிங்யுவானுக்கு மனம் ஒப்பவில்லை. தலையையும் வாலையும் நறுக்கித் தள்ளினான். மிச்சத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கினான். இதுதான் நேர்மை என்று தன்னையே மெச்சிக்கொண்டு மேசையில் கொண்டுபோய் வைத்தான்.

அம்மாள் தட்டை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். முகம் வாடிப்போயிற்று.

“இதற்குத் தலை எங்கே, சாமி?”

அம்மாளின் கணவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போது குரு இன்னொரு மீனோடு வந்தார். தலை தகப்பன் பக்கம், வால் மகன் பக்கம் இருக்கும்படி தட்டை வைத்தார். ஜினான் விருந்தில் அது ஒரு வழக்கம். தலைக்கு எதிரே இருப்பவரும் வாலுக்கு எதிரே இருப்பவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கிக் குடித்த பிறகுதான் மற்றவர்கள் மீனில் கை வைக்கலாம். மடம் என்பதால் மதுவுக்குப் பதில் தேநீர்.

பெரியவர் நின்றபடியே மீனைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். ஊர் வழக்கத்தை மீற முடியவில்லையோ, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போக முடியவில்லையோ, உட்கார்ந்துவிட்டார். கோப்பையைத் தூக்கினார். கொஞ்சம் தயங்கி மகனும் தூக்கினான்.

“இளைத்துப் போய்விட்டாயே,” என்றார் தகப்பனார்.

அம்மாள் அழுதேவிட்டார்.

கூடம் காலியானதும் மிங்யுவான் குருவிடம் வந்தான். வழக்கம் தெரியாமல் செய்த தப்பை ஒப்புக்கொண்டான். அப்படியும் அவனுக்கு ஆறவில்லை.

“ஆனாலும் அது பொய்தானே, குருவே? மீன் இல்லாததை மீன் என்று அவர்களை நம்ப வைத்தோமே.”

“அவர்கள் அதை உருளைக்கிழங்கு என்று தெரிந்துதான் சாப்பிட்டார்கள்,” என்றார் குரு, வாணலியைத் தேய்த்தபடி. “அதில் மீனைப் பார்த்தவன் நீ ஒருவன்தான்.”