மூடினா நின்னுபோற கணக்கு

மத்தியானம் தூங்கலைன்னா உங்க அம்மா என்னைத்தான் திட்டுவா. கண்ணை மூடு, ‘ம்’ மட்டும் கொட்டு. ஒரு ஊர்ல ஒரு காலேஜ் பொண்ணு, பேரு மதுவந்தி. அவ பத்து வருஷ மழையைக் கணக்குப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா ஆறு மாசப் படிப்பு மறுபடி முதல்லேர்ந்து.

"ம்."

கணக்குப் போடுற பெரிய கம்ப்யூட்டர் எங்கயோ சென்னைல. இவ லேப்டாப்ல வெறும் கறுப்புத் திரை. படம் கிடையாது, டொக்கு டொக்குன்னு தட்டணும். ‘எல் எஸ்’னு தட்டினா அங்க என்னென்ன இருக்குன்னு காட்டும். ‘சி டி’ போட்டு ‘மழை’ன்னு தட்டினா மழைங்கிற பெட்டிக்குள்ள போகும். தப்பாத் தட்டினா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லைம்பா.

"யாரு சித்தி?"

கம்ப்யூட்டர்தான். நீ தூங்கு.

அப்புறம் திங்கக்கிழமை காலேஜ் லேப்ல உக்காந்து கணக்கை ஓட விட்டா. பத்து மணி நேரம் ஓடணும். ஆனா ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட்டைச் சாத்திடுவாங்க. பொண்ணுங்களுக்கு மட்டும்! பசங்க விடியவிடிய லேப்லயே உக்காரலாம். இது என்ன நியாயம்?

"ம்?"

உன்னைக் கேக்கல. டப்புனு லேப்டாப்பை மூடிட்டு ஓடினா. மறுநாள் பாத்தா கணக்கு பாதியில நிக்குது. தன் மேலதான் தப்புன்னு எல்லாத்தையும் திருத்தி எழுதினா. செவ்வாய்க்கிழமையும் டப்பு, மறுபடி நின்னுபோச்சு. புதன்கிழமை மூடவே இல்லை. திறந்தபடி குழம்புச் சட்டி மாதிரி ஏந்திக்கிட்டு நடந்தா. சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட லேப் வைஃபை பொசுக்குனு போச்சு, கணக்கும் நின்னுபோச்சு.

அப்புறம் வியாழக்கிழமை, லேப்பைப் பாத்துக்கிற கண்ணாயிரம் சார்கிட்ட போய்ச் சொன்னா.

"பசங்களுக்கெல்லாம் முடியுதேம்மா?"

"அவங்க மூடவே வேணாமே சார்!"

"ஓ, தொடர்பு அறுந்தா கணக்கும் நின்னுரும். நீ தட்டுற கட்டளைக்கு முன்னாடி ‘நோஹப்’, கடைசில ஒரு ‘ஆண்ட்’ குறி போடு. நீ மூடினாலும் அது பாட்டுக்கு ஓடும்."

ஒரே வார்த்தை! மூணு நாளா அதைச் சொல்ல ஆள் இல்லை. டொக்கு டொக்குன்னு தட்டினா, மூடினா, போனா. வெள்ளிக்கிழமை காலையில ‘எல் எஸ்’. பத்து வருஷ மழையும் வரிசையா நிக்குது.

சார் சிரிச்சாரு. "அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"என்ன கேக்கணும்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் சார் கேக்கப்போறேன்?"

அவரு வாயைத் திறக்குறதுக்குள்ள மார்க்கரை எடுத்தா. லேப் கதவுல, உள்பக்கம் இல்லை, வெளிப்பக்கம், பொண்ணுங்க ஆறு மணிக்கு ஓடுற வழியில, ‘நோஹப்’னு கொட்டை எழுத்துல எழுதினா.

"கதவை அழுக்காக்காதேம்மா!"

"கேட்டை எட்டு மணிக்குச் சாத்தச் சொல்லுங்க, அழிச்சிடுறேன்."

இன்னும் யாரும் அழிக்கல.

"..."

கதையும் ஆச்சு, கண்ணும் சொருகிருச்சு. தூங்குடி தங்கம்.