அத்தை விட்டுப்போன கண்ணாடிகள்

நல்லூர்க்கோட்டையை அழகியநம்பி ராஜா ஆண்டுவந்த காலத்தில், அரண்மனைக்குள் யாரும் தும்முவதில்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுவார்கள். ராஜாவும் ஓடுவார்.

காரணம் அவருடைய அத்தை. பிள்ளையில்லாத அந்த அம்மாள், கப்பல் வியாபாரிகளிடம் ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்த கண்ணாடிச் சாமான்களை எல்லாம் மருமகனுக்கே விட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். வைக்கோல் பொதிந்த வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. சரவிளக்குகள், பன்னீர்ச் சொம்புகள், பீங்கான் பொம்மைகள், கழுத்து நீண்ட கண்ணாடி அன்னங்கள். கொலுமண்டபம் நிறைந்தது. கூடம் நிறைந்தது. கடைசியில் படுக்கையறையும் நிறைந்தது.

ராணியின் குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. அதைத் தரையில் விட இடமில்லை. கண்ணாடி இங்கேயே இருக்கட்டும், நானும் குழந்தையும் என் பிறந்தவீட்டுக்குப் போகிறோம் என்று ராணி அமைதியாகச் சொன்னாள். அமைதியாகச் சொன்னதால்தான் ராஜாவுக்குப் பயம் வந்தது.

விற்றுவிடலாம்தான். ஆனால் அத்தை சாகும்போது ராஜாவின் கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருந்தாள். இனாமாகக் கொடுக்கக்கூடாது. பொய் சொல்லி விற்கக்கூடாது. யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. வாங்குகிறவன் தானே விரும்பிக் கேட்டு வாங்க வேண்டும்.

இதென்ன பிரமாதம், நான் விற்றுத் தருகிறேன் என்று தளவாய் பெரியாண்டவர் முன்வந்தார். சந்தை நாளில் கடை விரித்தார். வந்தவர்கள் விரலால் சுண்டிப் பார்த்தார்கள். ணங் என்று கேட்ட ஓசையை ரசித்தார்கள். போய்விட்டார்கள். இது எதற்கு உதவும் என்று ஓர் எண்ணெய் வியாபாரி கேட்டார். தளவாய் வெகுநேரம் யோசித்தார். பொய் சொல்லக்கூடாது என்பதால் கடையைக் கட்டிவிட்டார்.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. இது வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர் செய்கிற வேலை, திருமேனிக் கவிராயரிடம் கொடுங்கள் என்று சபையில் சொன்னார். அவரால் முடியாவிட்டால் அரண்மனை கொடுத்த மானிய நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த நிலத்தை ஒட்டித் தளவாயின் தோப்பு இருந்தது. உள்ளே ராணியின் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜா எதையும் யோசிக்கும் நிலையில் இல்லை. சரி என்றார்.

அந்த நிலத்து நெல்தான் கவிராயர் வீட்டு உலையில் வெந்தது. பாட்டு மட்டும் எழுதிச் சாப்பிட்டவர் எவரையும் அவர் பார்த்ததில்லை.

காலை முழுவதும் கண்ணாடிகளுக்கு நடுவே கைகட்டி நின்றார். அழகாகத்தான் இருந்தன. யாருக்கு வேண்டும் என்றுதான் தெரியவில்லை. அப்போது வெளியே லாயத்தில் குதிரைக்காரர்கள் இருவர் எதற்கோ கத்திச் சண்டை போட்டார்கள். உடனே அலமாரியிலிருந்த சொம்புகள் கிணுகிணுவென்று நடுங்கின. கவிராயர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். சண்டை ஓய்ந்ததும் சொம்புகளும் ஓய்ந்தன.

அவர் நேராக ராஜாவிடம் போனார். ஊர்ப் பெரிய மனிதர்களை வெள்ளிக்கிழமை சபைக்கு அழைக்க வேண்டும், எல்லோரும் மனைவியோடு வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் இடமில்லை. கவிராயர் எழுந்து கும்பிட்டார்.

“பெரியோர்களே, இவற்றை எல்லோருக்கும் விற்பதற்கில்லை. யாராவது சத்தம் போட்டாலே நடுங்குகிற சாமான். புருஷன் பெண்டாட்டி சண்டை நடக்கிற வீட்டில் ஒரு மாதம்கூடத் தாங்காது. அதைச் சொல்லாமல் விற்றால் நான் பொய்யன் ஆவேன். ஆகையால் வீட்டில் சண்டை உள்ளவர்கள் எழுந்து வெளியே போய்விடலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டோம்.”

ஒருவரும் எழவில்லை. கால் மரத்துப்போன ஒரு கிழவர் எழப் பார்த்தார். அவர் மனைவி அவரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

தங்கியிருப்பவர்களும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று கவிராயர் மேலும் விளக்கினார். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லத் தேவையில்லை, ஊரே ஊகித்துக்கொள்ளும் என்றார்.

கோயில் தர்மகர்த்தாவின் மனைவி தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவசரமாக ஓர் அன்னத்தைக் கேட்டார். பக்கத்திலிருந்தவர் இரண்டு கேட்டார். அப்புறம் கவிராயருக்குப் பேச வேலை இருக்கவில்லை.

தளவாய் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் பேச்சு ஆரம்பித்தால் எதிர்வீட்டில் தொட்டிலை உள்ளே நகர்த்துவார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

“எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள்,” என்றாள் அவர் மனைவி, உதடு அசையாமல்.

தளவாய் இருப்பதிலேயே பெரிய சரவிளக்கைக் கேட்டார்.

“தளவாய் ஐயா யோசித்துத்தான் கேட்கிறீர்களா? கட்டாயம் ஏதும் இல்லை,” என்றார் கவிராயர்.

“எங்கள் வீட்டில் ஏது சண்டை? விரும்பித்தான் கேட்கிறேன்,” என்றார் தளவாய். பற்களுக்கு நடுவே அந்தச் சொற்கள் கஷ்டப்பட்டு வெளியே வந்தன.

உச்சிவேளைக்குள் மண்டபத்தில் கண்ணாடிகள் தீர்ந்துவிட்டன. ராணி குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தவழ்ந்து போயிற்று. கட்டிய பெட்டிகளை அவிழ்க்கச் சொன்னாள்.

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்றது. கவிராயரின் நிலம் இனி யாரும் கைவைக்க முடியாதபடி அவர் வம்சத்துக்கே சொந்தம் என்று அறிவித்தார். அதோடு, விற்காமல் தனியாக எடுத்துவைத்திருந்த மிக அழகான அன்ன ஜோடியைக் கொண்டுவரச் சொல்லி, இது இனாம் அல்ல, விற்றுத் தந்ததற்குக் கூலி என்று நீட்டினார்.

கவிராயர் ஓர் அடி பின்வாங்கினார்.

“மன்னிக்க வேண்டும் மகாராஜா. எனக்கு அந்தத் தகுதி இல்லை. எங்கள் வீட்டில் சண்டை உண்டு.”

கூட்டத்திலிருந்து கவிராயரின் மனைவி சிவபாக்கியம் எழுந்தாள்.

“நம் வீட்டில் ஏது சண்டை?”

“நடக்கிறதே.”

“நடந்ததே இல்லை.”

“நடக்கிறது என்கிறேன்.”

“இல்லை என்கிறேன். சபை நடுவில் இப்படியா சொல்வது? வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்கிறேன்.”

ராஜா சேவகனைப் பார்த்துக் கையசைத்தார்.

“அன்னங்களை உள்ளே கொண்டுபோ,” என்றார். “சீக்கிரம்.”